ட்ரிப்பா, ஜேர்னியா? கொழும்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வழி காட்டும் ஆங்கிலம்

ஊரிலிருந்து வேலைக்கோ படிப்புக்கோ கொழும்புக்கு வந்து இறங்குகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஏ.எல். பரீட்சை முடித்தவர்கள், இலக்கணத்தில் என்னையே திருத்துவார்கள். அவர்கள் தடக்குப்படுவது பெரிய சொற்களில் இல்லை. ரோட், வே, பாத், ட்ரிப் என்று நாள் முழுக்க வாயில் புழங்குகிற சின்னச் சொற்களில்தான்.

காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது. தமிழில் 'வழி' என்று ஒரு சொல் இருந்தால் பாதி வேலை முடிந்தது. வருகிற வழியில் கடை இருந்தது, கொஞ்சம் வழி விடுங்கோ, இதற்கு ஒரு வழி சொல்லுங்கோ என்று எல்லாவற்றுக்கும் அதுவே ஓடிவரும். பக்கத்து ஊருக்குப் போனாலும் பயணம்தான், கனடாவுக்குப் போனாலும் பயணம்தான். ஆங்கிலம் அவ்வளவு தாராளம் இல்லை. நடக்கிற வழியா, வண்டி ஓடுகிற வழியா, இரண்டு பக்கமும் வீடு இருக்கிறதா, போனால் திரும்பி வருவாயா, சந்தோஷத்துக்குப் போனாயா என்றெல்லாம் விசாரித்த பிறகுதான் சொல்லைக் கையில் தரும். பிடிக்க வேண்டியது அந்தக் கேள்விகளை. ஆறு சொற்களுக்கு நேரே 'பயணம், பயணம்' என்று எழுதிப் பாடமாக்கி ஒரு பயனும் இல்லை.

என் மருமகள் போன வருடம் வெள்ளவத்தைக்கு வந்தபோது அவளுக்காக ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியது இது. அதே வரிசையில் தருகிறேன்.

முதல் படி: பெயர்ப் பலகையில் பொருள் தேடாதீர்கள்

நான் கொழும்புக்கு வந்த முதல் நாள் கையிலிருந்த விலாசத்தில் 'பொஸ்வெல் ப்ளேஸ்' என்று இருந்தது. ப்ளேஸ் என்றால் இடம். ஆகவே ஏதோ ஒரு கட்டடம் என்று நானே முடிவு செய்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காலி வீதியில் மேலும் கீழும் அரை மணி நேரம் நடந்தேன். ஒவ்வொரு கட்டடமாக அண்ணாந்து வாசித்தேன். கடைசியில் ஒரு பழக்கடைக்காரர், "தம்பி, நீர் நிக்கிறதே அந்த வாசலிலதான்" என்றார். அது ஒரு தெரு.

தெருவுக்கு 'ப்ளேஸ்' என்று பெயர் வைப்பது இங்கிலாந்திலிருந்து வந்த பழக்கம். அங்கே பெரும்பாலும் நீளம் குறைந்த தெருக்களுக்கு வைப்பார்கள். கொழும்பு 7இல் அந்தக் கணக்கும் சரிவராது. வோர்ட் ப்ளேஸ், ஹோர்ட்டன் ப்ளேஸ், பார்ன்ஸ் ப்ளேஸ், ரொஸ்மீட் ப்ளேஸ் எல்லாம் வாகனம் ஓயாத வீதிகள், எல்லாம் பழைய பிரிட்டிஷ் கவர்னர்களின் பெயர்கள்.

இன்னும் இருக்கிறது. 'பாத்' என்றால் நடந்துபோகிற பாதை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். க்ரீன் பாத் என்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மர நிழலில் கார்கள் ஓடுகிற அகன்ற வீதி அது, ஓரத்தில் ஓவியங்களை அடுக்கி வைத்து விற்பார்கள். 1877இல் கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் பெயர் பிற்பாடு அதற்கு வைக்கப்பட்டது. ஆனாலும் பழைய ஆட்களின் வாயில் அது இன்னும் க்ரீன் பாத்தான்.

கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கிற லிப்டன் சர்க்கஸைக் காட்டியபோது மருமகள் கேட்டாள், "மாமா, முந்தி இங்க யானையெல்லாம் கொண்டுவந்து காட்டினவையோ?" இல்லை. சர்க்கஸ் என்பது லத்தீனில் வட்டம். வீதிகள் வந்து கூடுகிற வட்டமான இடத்துக்கு அந்தப் பெயர் வந்தது. லண்டனில் பிக்கடில்லி சர்க்கஸ் இருப்பதும் அப்படித்தான். கூடாரத்துக்குள் வித்தை காட்டுகிற சர்க்கஸுக்கும் வட்டமான அரங்கத்தால் வந்த பெயர்தான் அது. நம் லிப்டன் சர்க்கஸின் உத்தியோகபூர்வப் பெயர் டி சொய்சா சர்க்கஸ். பேசும்போது அப்படியான இடத்தை ரவுண்டபவுட் என்றுதான் சொல்ல வேண்டும். 'டேர்ன் லெஃப்ட் அட் த சர்க்கஸ்' என்று வேறு நாட்டுக்காரரிடம் சொன்னால் அவரும் யானையைத் தேடுவார்.

ஆகவே பலகையில் இருப்பது பெயர், அவ்வளவுதான். ஆட்களின் பெயருக்குப் பொருள் பார்க்காமல் கூப்பிடுகிறோம் இல்லையா, அது போல.

இந்த இடத்தில் ஒரு நடைமுறை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பல வீதிகளுக்கு இரண்டு பெயர்கள். டூப்ளிகேஷன் ரோட்டின் பெயர் ஆர். ஏ. டி மெல் மாவத்தை (மாவத்தை என்றால் சிங்களத்தில் வீதி). புல்லர்ஸ் ரோட் பௌத்தாலோக மாவத்தை ஆனது, டரட் ரோட் தர்மபால மாவத்தை ஆனது. வெள்ளவத்தையில் ஹை ஸ்ட்ரீட் என்று வயதானவர்கள் சொல்வது டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை. படிவத்தில் புதுப் பெயரை எழுதுங்கள், ஓட்டோக்காரரிடம் இரண்டையும் சொல்லுங்கள். 'டூப்ளிகேஷன்' என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம். காலி வீதிக்குச் சமாந்தரமாகப் போகிற இன்னொரு பிரதி, அதுதான் விஷயம்.

இரண்டாம் படி: ரோட், ஸ்ட்ரீட், லேன்

பேச்சில் வரும்போது இந்தச் சொற்களுக்கு உயிர் உண்டு. ரோட் உங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவது. ஸ்ட்ரீட் ஊருக்குள் இருப்பது, இரண்டு பக்கமும் வீடோ கடையோ இருக்கும். கொழும்பே இதற்கு நல்ல பாடம். காலி வீதி உண்மையிலேயே காலிக்குப் போகிறது. ஏ2 என்ற எண்ணோடு காலியையும் அம்பாந்தோட்டையையும் தாண்டி வெல்லவாய வரை போகிறது. புறக்கோட்டைக்குள் நுழைந்தால் முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு, செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் எல்லாமே ஸ்ட்ரீட். நகைக் கடைகளுக்குப் பெயர்போன செட்டியார் தெருவை ஆங்கிலத்தில் ஸீ ஸ்ட்ரீட் என்பார்கள், அது வேறு கதை.

கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவில் இருக்கும் ஏ9ஐ யாரும் ஸ்ட்ரீட் என்று சொல்ல மாட்டார்கள். புறக்கோட்டையில் சாமான் விற்கிறவரை 'ஸ்ட்ரீட் வென்டர்' என்பார்கள், 'ரோட் வென்டர்' இல்லை. விபத்து நடந்தால் 'ரோட் எக்சிடென்ட்'. ஆட்கள் வாழ்வதும் விற்பதும் ஸ்ட்ரீட்டில், வண்டி ஓடுவதும் மோதுவதும் ரோட்டில். சொற்களின் பூர்வீகத்திலேயே இது இருக்கிறது. ரோட் என்ற சொல் குதிரையில் ஏறிப்போவதைக் குறிக்கும் ரைட் என்ற சொல்லோடு பிறந்தது. ஸ்ட்ரீட் என்பது கல் பாவிய வழிக்கு ரோமர்கள் வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது.

நம் ஆட்கள் இரண்டையும் 'வீதி' என்றே எழுதிவிடுவதால்தான் குழப்பம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு லேனை மட்டும் விளக்கத் தேவையில்லை, அது ஒழுங்கை. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்குகிற எண் போட்ட லேன்கள் எல்லாம் நம் ஒழுங்கைகள்தான், பனை ஓலை வேலிக்குப் பதிலாக மாடி வீடுகள். ஆனால் லேனுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரே வீதியில் கோடு போட்டுப் பிரித்த வரிசையும் லேன். 'சேஞ்ச் த லேன்' என்று டிரைவிங் படிப்பிக்கிறவர் சொன்னால் அடுத்த ஒழுங்கைக்குள் காரைத் திருப்பிவிடாதீர்கள்.

'ஹைவே' பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே ஹைவே என்றால் எல்லோருக்கும் 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதைதான் நினைவுக்கு வரும், அல்லது 2013இல் திறந்த கட்டுநாயக்கப் பாதை. அவற்றுக்கு எழுத்தில் வருகிற பெயர் எக்ஸ்பிரஸ்வே. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் சட்டம் பேசுகிறவர்களுக்கு ஹைவே என்பது எந்தப் பொது வீதியும்தான். அவர்களுடைய அதிவேகப் பாதை மோட்டர்வே. அமெரிக்கர்களுக்கு ஃப்ரீவே.

கால் சென்டரில் வேலைக்குப் போகிறவர்கள் 'பேவ்மென்ட்'டையும் கவனிக்க வேண்டும். நமக்கும் பிரிட்டிஷ்காரருக்கும் அது ஆட்கள் நடக்கிற கரை. அமெரிக்கருக்கு அது வீதியின் தார் பரப்பு, நடக்கிற கரையை அவர் சைட்வோக் என்பார். ஒருவர் 'என் கார் பேவ்மென்ட்டில் சறுக்கியது' என்றால், அவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துத்தான் குற்றம் யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும். சந்தியும் இப்படித்தான், நமக்கு ஜங்ஷன், அமெரிக்கருக்கு இன்டர்செக்ஷன்.

மூன்றாம் படி: பாத், ட்ராக், ட்ரெயில், ரூட்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலுக்காக இருப்பது பாத். ஏதோ ஒன்று ஓடி ஓடிப் பதிந்த தடம் ட்ராக், தண்டவாளத்துக்கும் அதே சொல். வெள்ளவத்தை ஸ்டேஷனில் கடற்கரைக்குப் போகிறவர்கள் குறுக்கே கடப்பது ட்ராக்கை. அங்கே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ட்ரெயில் என்பது முன்னால் போனவரின் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, காட்டிலோ மலையிலோ தொடர்ந்து போகிற பாதை. கண்டியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால் நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் 22 கட்டங்களாகப் போகிற பீக்கோ ட்ரெயிலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை யாரும் பீக்கோ ரோட் என்று சொல்வதில்லை.

ரூட் மட்டும் நிலத்தில் இருப்பது இல்லை, திட்டத்தில் இருப்பது. சிவனொளிபாதமலைக்கு ஹட்டன் பக்கத்தாலும் ஏறலாம், இரத்தினபுரிப் பக்கத்தாலும் ஏறலாம். எதைத் தெரிவு செய்கிறீர்களோ அது உங்கள் ரூட். தெரிவு செய்த பிறகு காலுக்குக் கீழே இருக்கிற படிக்கட்டும் மண்ணும் பாத். பஸ்ஸுக்கு எண் போட்டிருப்பதும் ரூட்டுக்குத்தான். 100 என்றால் பாணந்துறையிலிருந்து காலி வீதியால் புறக்கோட்டை, 138 என்றால் ஹைலெவல் வீதி. அமெரிக்கர் பலர் இதை ரவுட் என்று உச்சரிப்பார்கள், தொலைபேசியில் திடுக்கிட வேண்டாம்.

நான்காம் படி: போய்வந்ததைச் சொல்வது எப்படி

அதிகமாகப் பிழை விடுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ட்ரவல் என்பதை எண்ண முடியாது. தண்ணீர் மாதிரி. 'எ லோங் ட்ரவல்' என்று ஆங்கிலத்தில் இல்லை, 'ஹவ் வோஸ் யுவர் ட்ரவல்?' என்று கேட்பதும் இல்லை. பெயர்ச்சொல்லாக அதை விட்டுவிட்டு வினையாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஐ ட்ரவல் பை பஸ்', பிரச்சினை முடிந்தது. ஒரு தடவை போனதைச் சொல்ல வேண்டுமென்றால் ஜேர்னி அல்லது ட்ரிப்.

ஜேர்னி, போகிற நேரத்தைப் பற்றியது. இங்கே ஏறி அங்கே இறங்கும் வரை என்ன பட்டீர்கள் என்பது. கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். சீட் கிடைத்ததா, ஜன்னல் மூடியதா, பக்கத்தில் இருந்தவர் தோளில் தூங்கினாரா, எல்லாம் ஜேர்னியைச் சேர்ந்தது. பிரெஞ்சில் 'ஒரு நாள்' என்பதிலிருந்து வந்த சொல் அது, அந்தக் காலத்தில் ஒரு நாளில் போகக்கூடிய தூரம். ட்ரவலோ இன்னும் மோசம். உழைத்துக் களைப்பதை, வேதனைப்படுவதைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு பஸ்ஸில் நின்றுகொண்டு வவுனியா வரை போனவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ட்ரிப்பில் போவதும் இருக்கிறது, அங்கே செய்கிற காரியமும் இருக்கிறது, திரும்பி வருவதும் இருக்கிறது. மூன்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டினால் ட்ரிப். 'த ட்ரிப் வோஸ் குட், பட் த ஜேர்னி வோஸ் டெரிபிள்' என்று ஒரே வசனத்தில் சொல்லலாம். நுவரெலியாவில் நன்றாக இருந்தது, போன வழியில் வான் பழுதாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வசனத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் இரண்டும் பிரிந்துவிடும்.

ஆனால் ட்ரிப் ஒரு இலேசான சொல், இங்கே இன்னும் இலேசு. கொழும்பில் 'ட்ரிப் போறோம்' என்றால் வான் பிடித்து, பாட்டுப் போட்டு, சோற்றுப் பார்சலோடு போவதுதான். என்னோடு முன்பு வேலை செய்த ஒரு தம்பி, பாட்டனாரின் செத்தவீட்டுக்குப் போய்வந்து, லீவுக் கடிதத்தில் 'ட்ரிப் டு ஜஃப்னா' என்று எழுதிவிட்டார். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வாசித்த மேலதிகாரியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அப்படியான நேரத்தில் வினைச்சொல்தான் கைகொடுக்கும். 'ஐ ஹேட் டு ட்ரவல் டு ஜஃப்னா ஃபோ எ ஃபியூனரல்'. அதில் கொண்டாட்டமும் இல்லை, நாடகமும் இல்லை.

டுவர் என்றால் சுற்றி வருவது. ஓரிடத்துக்குப் போய்த் திரும்பினால் ட்ரிப், கண்டி, சீகிரியா, தம்புள்ளை என்று வளைத்து வந்தால் டுவர். ஒரு கட்டடத்துக்குள்ளேயே அறை அறையாகக் காட்டினாலும் டுவர்தான். புது வேலையில் முதல் நாள் 'ஷல் ஐ கிவ் யு எ டுவர்?' என்று யாராவது கேட்டால், வான் எங்கே நிற்கிறது என்று பார்க்காதீர்கள்.

வொயேஜ், நீண்ட கடல் பயணத்துக்கும் விண்வெளிக்கும் உரியது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் தொடங்கிய படகுச் சேவையில் போகிறவர்கள் வொயேஜ் போகவில்லை, அது சில மணி நேரக் கடல்தான். அதற்கு 'க்ரொஸிங்' போதும். கதிர்காமத்துக்கு நடந்துபோகிற பாதயாத்திரை பில்க்ரிமேஜ். காட்டுப் பகுதியால் பல நாள் நடப்பதென்ற அளவில் அதை ட்ரெக் என்றும் சொல்லிவிடலாம். ஆனால் வேலைத் தூக்கிக்கொண்டு போகிற அம்மாவிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குத் தேர் போவது ப்ரொஸெஷன்.

இனி கொமியூட். மருமகளுக்கு முதல் நேர்முகத்தில் 'ஹவ் இஸ் யுவர் கொமியூட்?' என்று கேட்டிருக்கிறார்கள். கொமியூனிகேட் என்று காதில் விழுந்து, 'வெரி குட், சேர், ஐ ஸ்பீக் த்ரீ லாங்வேஜஸ்' என்று சொல்லிவிட்டு வந்தாள். வேலை கிடைத்தது, அது அவளுடைய நல்ல காலம். வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் தினமும் போய்வருவதுதான் கொமியூட். அமெரிக்க ரயில்களில் தினமும் ஏறுகிறவர்களுக்கு மொத்தமாகக் கட்டணம் குறைத்துக் கொடுத்த டிக்கெட்டின் பெயரிலிருந்து வந்தது. நம் பாணந்துறை ரயிலில் ஒபிஸ் போகிறவர்கள் 'சீசன் எடுத்தாச்சோ?' என்று கேட்கிறார்களே, அந்தச் சீசன் டிக்கெட்தான் அது. நேர்முகத்தில் இந்தக் கேள்வி வந்தால் எத்தனை நிமிடம், பஸ்ஸா ரயிலா என்று மட்டும் சொல்லுங்கள். நேரத்துக்கு வருவீர்களா என்பதைத்தான் அவர்கள் அறிய விரும்புகிறார்கள்.

டிக்கெட் பேச்சு வந்ததால் 'ஃபெயர்' பற்றியும் சொல்ல ஆசை. பஸ் கட்டணம் ஃபெயர். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அதற்குப் போவது என்றுதான் பொருள். ஃபெயர்வெல் என்றால் 'நல்லபடி போ'. தமிழிலும் இதே கதை நடந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் 'செலவு' என்றால் தலைவன் புறப்பட்டுப் போவது. இன்றைக்குச் செலவு என்றால் பணம் புறப்பட்டுப் போவது. இரண்டு மொழிக்காரருக்கும் பஸ்ஸில் ஒரே அனுபவம்தான் போலும்.

ஐந்தாம் படி: வே

என் முதல் வேலையில், மழையில் பஸ் கொள்ளுப்பிட்டியில் நின்றுவிட்ட ஒரு காலை, கடைத் தொலைபேசியிலிருந்து மேலதிகாரிக்கு அழைத்தேன். 'ஐ ஆம் இன் த வே, சேர்.' அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு, 'ஹூஸ் வே?' என்றார்.

ஒன் த வே என்றால் வந்துகொண்டிருக்கிறேன். இன் த வே என்றால் இடைஞ்சலாக நிற்கிறேன். நான் யாருடைய வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்றுதான் அவர் கேட்டது. தமிழில் இரண்டுக்கும் 'வழியில்' என்று வருவதால் வந்த வினை. வாசலில் சூட்கேஸை வைத்தால் அது இன் த வே. போகும்போது பார்மசியில் மருந்து வாங்கினால் அந்தப் பார்மசி ஒன் த வே.

பை த வே என்பதற்கும் பாதைக்கும் இன்று சம்பந்தமில்லை, 'அது இருக்கட்டும், இன்னொரு விஷயம்' என்பது போல. வே அவுட் என்ற பலகை வெளியே போகிற வாசலைக் காட்டும். கிவ் வே என்று வீதியில் எழுதியிருந்தால் மற்ற வண்டிக்கு இடம் விட வேண்டும். கொழும்பில் அந்தப் பலகையை வாசித்தவர்கள் குறைவு என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். 'ஒன் த வே' என்று நண்பர்கள் சொன்னால், அவர்கள் இன்னும் குளிக்கப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். இது ஆங்கிலப் பிரச்சினை இல்லை.

ஆறாம் படி: புறப்பட, ஏற, இறங்க, சேர

லீவ் என்ற சொல்லில் கவனம். 'ஷீ லெஃப்ட் கொழும்பு' என்றால் கொழும்பை விட்டுப் போய்விட்டாள். கொழும்புக்குப் புறப்பட்டாள் என்று சொல்ல வேண்டுமானால் நடுவில் 'ஃபோ' வர வேண்டும், 'ஷீ லெஃப்ட் ஃபோ கொழும்பு'. ஒரு சின்னச் சொல் விட்டுப்போனால் ஆள் எதிர்த் திசையில் போய்விடுகிறார். நம் பிள்ளைகள் வழக்கமாகப் போடுவது 'லெஃப்ட் டு', அது இரண்டிலும் சேராது.

ரீச்சுக்குப் பின்னால் 'டு' வேண்டாம். 'க்கு' என்ற நம் வேற்றுமை உருபு நாக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதால் 'ரீச் டு ஒபிஸ்' என்று வருகிறது. 'ஐ ரீச்ட் த ஒபிஸ்' போதும். அரைவ் என்றால் நகரத்துக்கு 'இன்', ஸ்டேஷன் போன்ற இடத்துக்கு 'அட்'.

பஸ், ரயில், விமானம், கப்பல் இவற்றில் ஏறுவது கெட் ஒன், இறங்குவது கெட் ஒஃப். கார், ஓட்டோ என்றால் கெட் இன், கெட் அவுட். எழுந்து நடக்க இடமிருந்தால் ஒன், குனிந்து புகுந்தால் இன், ஏறத்தாழ இந்தக் கணக்குச் சரிவரும். 100ஆம் நம்பர் பஸ்ஸில் காலை எட்டு மணிக்கு நடக்க இடமிருக்காது, ஆனாலும் ஒன்தான். இங்கே எல்லோரும் 'கெட் டவுன்' என்பார்கள், கொண்டக்டருக்குத் தாராளமாக அப்படியே சொல்லுங்கள். இங்கிலாந்து வாடிக்கையாளரிடம் பேசும்போது மட்டும் ஒஃப். பஸ் ஹோல்ட்டும் அப்படித்தான், அவர்களுக்கு அது பஸ் ஸ்டொப்.

'போயிட்டு வாறன்' என்பதை 'ஐ வில் கோ அன்ட் கம்' என்று சொல்வது நம் நாட்டு ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது. நான் அதைத் திருத்த மாட்டேன், அதில் ஒரு பாசம் இருக்கிறது. போகிறேன் என்று மட்டும் சொல்லிப் படலையைத் தாண்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் வெளிநாட்டுக்காரர் அதைக் கேட்டால் நீங்கள் பத்து நிமிடத்தில் திரும்பி வருவீர்கள் என்று காத்துக்கொண்டிருப்பார். அவரிடம் 'சீ யு டுமோரோ' என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

ஓட்டோவுக்குத் தொலைபேசியில் இடம் சொல்லும்போது 'இன் ஃப்ரண்ட் ஒஃப்'பும் 'ஒப்பொஸிட்'டும் மாறினால் நடுவில் காலி வீதி இருக்கும். வங்கி வாசலிலேயே நின்றால் இன் ஃப்ரண்ட் ஒஃப். வீதிக்கு அடுத்த கரையில், வங்கியைப் பார்த்தபடி நின்றால் ஒப்பொஸிட். நம் 'முன்னுக்கு' இரண்டுக்கும் ஓடுவதால் நானே பலமுறை அந்தப் பக்கம் நிற்கிற ஓட்டோவைப் பார்த்துக் கையை ஆட்டியிருக்கிறேன். இதைவிடச் சுலபமான கொழும்பு முறை ஒன்று இருக்கிறது. காலி வீதியில் எந்தக் கரை என்பதை 'ஸீ சைட்', 'லேண்ட் சைட்' என்று சொல்லிவிடுங்கள். டிரைவர் தமிழரோ சிங்களவரோ, கடல் எந்தப் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

கடைசியாக, ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி

கொப்பியை வீட்டில் வைத்துவிட்டு வெள்ளவத்தையில் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னல் சீட் கிடைத்தால் இடது பக்கம் இருங்கள், அது ஸீ சைட். கடந்துபோகிற ஒவ்வொரு பலகையையும் வாசித்து, அது ரோடா, லேனா, ப்ளேஸா, அவெனியூவா என்று பார்த்து, பெயருக்கும் தெருவுக்கும் பொருந்துகிறதா என்று மனத்துக்குள் சண்டை பிடியுங்கள். பம்பலப்பிட்டியில் கதிரேசன் கோயிலைக் கடக்கும்போது, அதற்கு நேர் எதிரே என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லிப் பாருங்கள். காலிமுகத்திடலில் இறங்கினால் பழைய கல்வெட்டு ஒன்றைத் தேடுங்கள். கவர்னர் ஹென்றி வோர்ட் 1856இல் தொடங்கிய, 1859இல் முடிந்த நடைபாதை என்று சொல்லும். அதில் இருக்கிற சொல் பாத்தும் இல்லை, ரோடும் இல்லை, 'வோக்'. நடப்பதே பெயராகிவிட்டது.

திரும்ப ஏறிப் புறக்கோட்டைக்குப் போய், இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு, வரும்போது உங்களுக்குத் தேவையானதை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜேர்னி எப்படி, ட்ரிப் எப்படி என்று இரவு வீட்டுக்கு ஒரு செய்தி ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். பஸ்ஸில் மிச்சக் காசை மட்டும் இறங்க முதல் கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்குத் தமிழே போதும், கையை நீட்டினாலும் போதும்.